பதினேழாம் புள்ளியில் லோகாம்பாள்

"அம்மா, ஒங்க வீட்டுக் கெணத்தடியில எனக்கு ஒரு எடம் விழுந்திருக்கு. ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போயிடறேன்."

காரைக்கால் பக்கம் பூவத்தில் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு லோகாம்பாள் இப்படிக் கேட்கிறார். உள்ளேயிருந்து வந்த அம்மாவுக்கு முகம் சுருங்குகிறது. பட்டா, அளவை, சர்வே என்று எதைக் கேட்டாலும் பயம் வரும் காலம் இது.

"என்ன எடம்? அந்தக் கெணறு எங்க மாமனார் வெட்டுனது."

"கெணறு ஒங்களுதுதாம்மா. நிக்கறது மட்டுந்தான் எனக்கு."

கொல்லைக்குப் போகிறார். பாலித்தீன் பையில் போட்ட போனைக் கையில் ஏந்திக்கொண்டு ரெண்டு எட்டு முன்னால் வைக்கிறார், ஒரு எட்டு பின்னால் வைக்கிறார், துணி துவைக்கும் கல்லைச் சுற்றிவந்து நிற்கிறார். அசையவே மாட்டார். ஆகாயத்தில் இருக்கிற செயற்கைக்கோள்கள் இவர் நிற்கும் இடத்தை முடிவு செய்யக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். போன் பன்னிரண்டு மீட்டர் பிசகலாம் என்று காட்டும், பிறகு ஏழு, பிறகு மூன்று. மூன்று வந்தால்தான் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு படம் எடுப்பார். 'கிணறு, சிமெண்ட் தரை, வாழை நாலு' என்று எழுதுவார்.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"எங்க நரி தங்கும், எங்க நீர்நாய் தங்கும்னு மேலேர்ந்து படம் எடுத்து வெச்சிருக்காங்க. படம் சொல்றது நெசமான்னு நான் பாக்கறேன்."

"எங்க வீட்டுல நரி இல்ல."

"இல்லன்னுதாம்மா எழுதியிருக்கேன்."

லோகாம்பாளுக்கு நாற்பத்து மூன்று வயது. திருமலைராயன்பட்டினத்து மீனவர் தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர். ஐ.டி.ஐ.யில் நில அளவைப் பிரிவு படித்தவர். அந்த வருஷம் அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் பெண். பட்டம் கையில் வந்த பிறகும் நெடுங்காலம் பிறர் அளக்க இவர் நாடா பிடித்தார். இப்போது நாலு வருஷமாகக் காட்டுயிர்களின் இருப்பிடங்களைப் படமாக்கும் ஓர் ஆய்வுக் குழுவில் ஒப்பந்த வேலை. காரைக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம். அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் எழிலன். வெளியூரில் படித்துவிட்டு வந்த முப்பது வயதுக்காரர். லோகாம்பாள் அவரைத் தம்பி என்பார். அவர் அக்கா என்பார். இருவரும் தினம் ஒரு தடவையாவது சண்டை போட்டுக்கொள்வார்கள்.

வேலை இதுதான். எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் ஐந்து நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே போகிறது. அது எடுக்கும் படத்தைப் பார்த்து, இது வயல், இது குளம், இது புதர், இது வீடு என்று கணினி பிரித்துச் சொல்கிறது. சொன்னது சரியா என்று பார்க்க, அதே கணினி கண்ணை மூடிக்கொண்டு மாவட்டம் முழுக்க முந்நூறு புள்ளி வைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஆள் நேரில் போய் நிற்க வேண்டும். புள்ளி யார் வீட்டு அடுப்படியில் விழும், எந்தக் குளத்து நடுவில் விழும் என்று அதற்குக் கவலை இல்லை.

சாலையோரம் வண்டியை நிறுத்தி, தூரத்திலிருந்து பார்த்து எழுதிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. யாருக்கும் தெரியப்போவதில்லை. லோகாம்பாள் போய் நிற்பார். பட்டினத்தில் பஹீமா வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்தபோது அங்கேயும் குனிந்து போய் நின்றார். பஹீமா டீ போட்டுக் கொடுத்து, "அடுத்த வருஷமும் இங்கியே விழச் சொல்லுங்கக்கா" என்று அனுப்பினார். புள்ளிக்குப் போகும்போது லோகாம்பாளுக்குச் சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, இரண்டு அடுக்கு அடிப்பாகம் ஒட்டிய செருப்பு, முள் எடுக்க வளையலில் கோத்த ஊக்கு, பாம்பை நகர்த்த ஒரு மூங்கில் கழி. வயிறு வரை தண்ணீரில் இறங்கி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மீட்டருக்காகக் காத்து நின்ற அவரை நானே பார்த்திருக்கிறேன்.

"சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா சீட்டு நம்பர ரெண்டு தடவ சரி பாப்பா தோழர். படம் ஓட ஆரம்பிச்சுடும், இவ உக்கார மாட்டா" என்பார் என்னிடம் அவருடைய கணவர் அன்பழகன்; கட்சிக்காரன் என்பதால் எனக்கு அந்த வீட்டில் தோழர் என்று பேர். ஃபைபர் படகில் போகிறவர்.

எழிலனின் திரையில் காரைக்கால் மாவட்டம் கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். எல்லையோடு படம் நின்றுவிடும். அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு லோகாம்பாள் கேட்டாராம்.

"வெள்ளையா இருக்கறது என்ன தம்பி?"

"அது தமிழ்நாடுக்கா. நம்ம வேலை எல்லையோட முடியிது."

"நரிக்கு ரேஷன் கார்டு குடுத்திருக்கா?"

அந்தப் படத்தில் இன்னொரு விஷயம் அவருக்குப் பிடிக்கும். செடிகொடிகள் பச்சையாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுப்பதால், உயிரோடு இருக்கும் இலையெல்லாம் சிவப்பாகத் தெரியும். காய்ந்தது சாம்பல் நிறம். "உசுரு உள்ளதெல்லாம் செவப்பு" என்று அவர் சொல்லும்போது பாடம் படித்தவர் சொல்வதுபோல இருக்காது, சொந்தக்காரர்களை அடையாளம் காட்டுவதுபோல இருக்கும்.

ஆனால் ஒரு பிழை அவர் கையிலேயே நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிளிஞ்சல்மேட்டுக்கு மேற்கே ஒரு சீமைக்கருவேல முட்காடு; எங்கள் ஊர்ப் பேச்சில் வெறும் கருவேலம். புள்ளி சரியாக நடுவில் விழுந்தது. முள்ளில் நுழைந்து, மூன்று மீட்டர் வரும்வரை நின்று, நாலு திசையும் படம் எடுத்து, 'கருவேலம்' என்று எழுதிக் கொடுத்தார். எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் வண்டியில் போனபோது பொக்லைன் வேலை செய்துகொண்டிருந்தது. வேரும் மண்ணுமாக அது அள்ளித் தூக்கியபோது மண்ணோடு இரண்டு நரிக்குட்டிகளும் வந்தன. இவர் முன்னால் நின்ற இடத்துக்கும் அந்தக் குட்டிகள் இருந்த வளைக்கும் நாலடி தூரம் இருக்கும்.

இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

"நாலு பக்கமும் பாத்தேன் தோழர். கீழ பாக்கல."

அன்றிலிருந்து எல்லாப் புள்ளியிலும் ஐந்தாவதாக ஒரு படம் எடுக்கிறார். கால் நிற்கும் தரை. காலடித் தடம், எச்சம், மயிர், வளை, எது இருந்தாலும் அதில் விழும். எழிலன் தலையில் அடித்துக்கொள்வார். "அக்கா, நம்ம ஆப்புல நாலுக்குத்தான் எடம் இருக்கு. அஞ்சாவத நான் எங்க போடுவேன்?" "ஒங்க போன்ல போட்டு வெய்யிங்க தம்பி" என்று வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார். எழிலனின் போன் முழுக்க மண் படம்.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. கருவேலத்தை அகற்றப் போகிறோம், எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் கொடுங்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்கு என்று துண்டறிக்கை எழுதி, தெருத்தெருவாக விநியோகித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கருத்தை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. நிலத்தைக் கெடுக்கிற மரம் அது. ஆனால் மற்ற புதரையெல்லாம் நாம் அழித்துவிட்ட பிறகு, பகலில் நரி படுக்க அது ஒன்றுதான் மிச்சம் என்பதும் உண்மை. அந்த இரண்டாவது வாக்கியத்தை நாங்கள் அச்சடிக்கவில்லை.

எழிலன் மே மாதப் படத்தில் சிவப்பாக இருந்த முப்பது இடங்களை எடுத்துக் கொடுத்தார். அறுவடை முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதம், அப்போதும் சிவப்பாக இருந்தால் கருவேலம்தான் என்பது கணக்கு. லோகாம்பாள் சரிபார்க்கக் கிளம்பினார். முதல் மூன்று நாளில் ஆறு இடம் பருத்திக் கொல்லை என்று வந்தது. "கோடையில நம்ம ஊருல பருத்தி போடுவாங்கன்னு மேல இருக்கறதுக்கு யாரு சொல்றது?" என்று சிரித்தார். படிவத்தில் இரண்டே எண்தான். கருவேலம் என்றால் 1, வேறு என்றால் 2. 1 என்று போட்ட இடத்துக்குத் திங்கட்கிழமை முதல் வரிசையாகப் பொக்லைன் போகும்.

பதினேழாம் புள்ளி பட்டினத்துக்குத் தெற்கே, ஆற்று முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு மணல்மேட்டில் இருந்தது. வியாழக்கிழமை காலை. ஐந்தாவது படத்துக்குக் குனிந்தபோது, முள்வேருக்குக் கீழே ஒரு வளை. புதிதாகத் தள்ளிய மணல். கட்டைவிரல் அகலத்தில் சின்னச் சின்னத் தடங்கள். வளை வாயில் ஒரு மூக்கு வந்து, இவரைப் பார்த்து, உள்ளே போனது. பக்கத்தில் மணலில் பாதி புதைந்து ஒரு சிவப்புத் துணிப்பட்டை கிடந்தது.

அந்தத் துணி யாருடையது என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கும் குஞ்சம்மாள், தன் ஆட்டுக்குட்டிகளின் கழுத்தில் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டுவார். அந்த மாதத்தில் இரண்டு குட்டி காணாமல் போயிருந்தது. இந்த முள்ளை அழித்துத் தர வேண்டும் என்று கொம்யூனில் மனு கொடுத்ததும் அதே குஞ்சம்மாள்தான். லோகாம்பாளின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

லோகாம்பாள் பஹீமா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வாட்ஸப்பில் ஐந்தாவது படத்தைப் பார்த்துவிட்டு எழிலன் போன் செய்தார். "ரெண்டுன்னு போட்டு விட்டுடுங்கக்கா. முடிஞ்சுது. யாரு போயிப் பாக்கப்போறா?" என்றார்.

"அது கருவேலந்தான் தம்பி."

"குட்டி இருக்கே?"

"குட்டி இருக்கறதால அது பருத்தி ஆயிடுமா? ஒண்ணுல பொய் போட்டா மிச்சம் இருவத்தொம்பதையும் எவன் நம்புவான்? நாளைக்கு நெசமாவே ஒரு எடத்தக் காப்பாத்தணும்னாலும் நம்ப மாட்டான்."

ஐந்நூறு பேர் வந்த கூட்டத்தை ஆயிரம் என்று அச்சடித்துப் பழகியவன் நான். அவர் 1 என்று போட்டார். கொடுத்துவிட்டு நேராகக் கொம்யூன் பொறியாளரிடம் போனார். அவர் நல்ல மனிதர். "வாய்க்கால் கரைன்னா ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சாகணும். இது மேடு, எப்ப வேணாலும் மெஷின் போவலாம். ஆனா மனு இருக்கும்மா. மனு குடுத்தவங்களே எழுதிக் குடுத்தா கடைசியில தள்ளி வெக்கறேன். இல்லன்னா என்னால ஆவாது" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோகாம்பாள் குஞ்சம்மாள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். குஞ்சம்மாள் ஆடுகளுக்குக் கழுநீர் காட்டிக்கொண்டிருந்தார். ஏழு ஆடு. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. அவர் நிமிரவில்லை.

"ஏண்டி லோகா, நரிக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கியாமே. நீ எழிலன்ட்ட போன்ல பேசிட்டு இருந்தத பஹீமா வந்து சொல்லிட்டா."

"ஆமா சின்னம்மா."

"ஆட்டப் பறிகுடுத்தவ நானு. ஒனக்கு நரியப் பாத்துக்கச் சொல்லியா சம்பளம் குடுக்கறாங்க?"

"எடத்தப் பாத்துக்கச் சொல்லித்தான். எடத்துல அதுவும் இருந்துச்சு."

போனை நீட்டினார். குஞ்சம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். விரல் திரையில் பட்டுப் படம் பெரிதாகிவிட, சிவப்புத் துணி திரை முழுக்க வந்து நின்றது.

"இது செல்லாச்சியோட துணி."

"ஆமா."

"என் பொடவ."

"ஆமா சின்னம்மா."

குஞ்சம்மாள் போனிலிருந்து நிமிர்ந்தார்.

"இத மறைச்சிருக்கலாம்ல நீ. படத்த வெட்டிட்டு வளைய மட்டும் காட்டியிருந்தா எனக்குத் தெரியவா போவுது?"

"அங்க கெடந்துச்சே சின்னம்மா."

"பெரிய அரிச்சந்திர வம்சம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார் குஞ்சம்மாள். ஆட்டைப் பிடித்துக் கட்டினார். முளைக்குச்சியை இன்னொரு தடவை அடித்தார். "எத்தன குட்டி?"

"ஒண்ணு பாத்தேன். உள்ள இன்னும் சத்தம் கேட்டுது. நாலு அஞ்சுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"கண்ணு தொறந்துட்டுதா?"

"தொறந்துட்டுது."

"போ. போயி ஒம் புருஷனுக்குச் சோத்தப் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லோகாம்பாள் வெளியே வந்து மொபெட்டைக் கிளப்ப மூன்று தடவை உதைத்தார்.

சனிக்கிழமை அன்பழகன் ஒரு வேலை செய்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது, ஆள் சும்மாயிருந்தார். கடலுக்கு ஆகாதென்று ஒதுக்கிய பழைய வலையைச் சைக்கிளில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய், குஞ்சம்மாளின் ஆட்டுப்பட்டியைச் சுற்றி நாலு பக்கமும், மேலேயும், தரையில் ஒரு முழம் தொங்கலாகவும் கட்ட ஆரம்பித்தார். தரையில் தொங்கலாக வலை கிடந்தால் நரி கால் வைக்காது, சிக்கிக்கொள்வோம் என்று அதற்குத் தெரியும்.

குஞ்சம்மாள் பட்டியடியில் நின்று வேலை வாங்கினார். "இதெல்லாம் ஒரு முடிச்சா? இதுல மீன் வேற புடிக்கிறியாக்கும். அதான் கடல்ல மீனே இல்லங்கற."

"மீனு நீங்க திட்டறதக் கேட்டே ஓடியிருக்கும் சின்னத்த."

மத்தியானம் குஞ்சம்மாள் அவருக்குச் சோறு போட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆடு ஏதும் கத்தவில்லை என்று மறுநாள் காலை கேள்விப்பட்டேன். அதே திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லோகாம்பாள் வீட்டு வாசலில் குஞ்சம்மாள் வந்து நின்றார். கட்டியிருந்தது நல்ல சேலை.

"கொம்யூன் ஆபீசுக்கு என்னக் கூட்டிட்டுப் போ. எழுதிக் குடுக்கறேன். ஆடி முடியறவரைக்குந்தான். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது. அப்பறம் மெஷின் வந்தே ஆவணும்."

"வரும் சின்னம்மா. நானே போயிப் பாத்துச் சொல்றேன்."

"நீ மட்டும் பாத்தா? நானும் வருவேன்."

அந்த வார வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பொக்லைன் பதினாறாம் புள்ளியை முடித்துவிட்டு, மணல்மேட்டைத் தாண்டி, பதினெட்டாம் புள்ளிக்குப் போனது.

அடுத்த இரண்டு மாதம் லோகாம்பாள் அந்த மேட்டுப் பக்கம் போகவே இல்லை. ஆள் வாடை பட்டால் தாய் குட்டிகளை இடம் மாற்றும், வெயிலில் மாற்றினால் செத்துப்போகும் என்பார். தண்ணீர் ஆற்றில் வந்தது. நாற்றங்கால் பச்சையானது. எழிலன் ஐந்து நாளைக்கு ஒருமுறை புதிய படத்தைத் திறந்து, "பதினேழு செவப்பாத்தான் இருக்குக்கா" என்று போன் செய்வார். அதில் நரி தெரியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் செய்வார், இவர் கேட்டுக்கொள்வார். குஞ்சம்மாள் வீட்டில் ஏழு ஆடும் ஏழாகவே இருந்தன. ஒரு வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது.

ஆவணி பிறந்த மூன்றாம் நாள் காலையில் லோகாம்பாளும் குஞ்சம்மாளும் நானுமாக மேட்டுக்குப் போனோம். முந்தின நாள் தூறல் போட்டு மணல் இறுகியிருந்தது. குஞ்சம்மாள் அரிவாளால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார். பின்னால் லோகாம்பாள் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பன்னிரண்டு, ஒன்பது, ஐந்து, மூன்று.

வளை அப்படியே இருந்தது. வாயில் புதுத்தடம் இல்லை.

"போயிட்டுதுடி" என்றார் குஞ்சம்மாள். "எழுது. மெஷினக் கூப்புடு."

"தடம் இல்லங்கறது மழையாலயும் இருக்கும் சின்னம்மா. உள்ள ஒண்ணு படுத்திருந்தா?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"உள்ள உசுரு படுத்திருந்தா மண்ணு வெதுவெதுன்னு இருக்கும்."

நான் பாம்பு கிடக்கும் என்றேன். லோகாம்பாள் காதில் வாங்கவில்லை. கழியை உள்ளே விட்டு மெதுவாகத் தட்டினார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். போனைக் குஞ்சம்மாளிடம் கொடுத்தார். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, மணலில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையை வளைக்குள் விட்டார். முழங்கை போனது. தோள் போனது. கன்னம் தரையில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே கை அங்குலம் அங்குலமாக நகர்ந்து தடவுவது தோளில் தெரிந்தது. குஞ்சம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

லோகாம்பாள் கையை வெளியே எடுத்தார். எழுந்து உட்கார்ந்தார். ஒட்டியிருந்த ஈரமணலை உதறவில்லை, போனையும் திருப்பி வாங்கவில்லை. அந்தக் கையைக் கொண்டுபோய்க் குஞ்சம்மாளின் கன்னத்தில் வைத்தார்.

"பாரு சின்னம்மா, எப்புடி ஜில்லுன்னு இருக்கு."

குஞ்சம்மாள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.